கேளுங்க மக்களே: இங்கிலீஷ் சொலவடை எல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

இந்த மாசம் வந்த லெட்டர்லயும் வாட்ஸ்அப்லயும் முக்கால்வாசி இங்கிலீஷ் சொலவடையைப் பத்தித்தான், பிள்ளைகளும் கேட்டிருக்காங்க பெரியவங்களும் கேட்டிருக்காங்க, அதனால இந்தத் தடவை முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிருதேன். ஒரு சொலவடைக்கு அழகா ஒரு கதை யாராச்சும் சொன்னா உடனே நம்பிராதீங்க, இது முதல்முதல்ல எந்த வருஷம் எங்க அச்சுல வந்துச்சுன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வியிலயே நிறைய கதை உதிர்ந்து போகும், மிச்சம் நிக்கிறது கதையைவிட ருசியா இருக்கும். சரி, கேள்விக்குப் போவோம்.

டீச்சர், 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னா பேய்மழைன்னு தெரியும். பழைய காலத்துல இங்கிலாந்துல கூரைக்குள்ள நாயும் பூனையும் படுத்திருக்குமாம், மழை பெஞ்சா வழுக்கிக் கீழ விழுமாம், அதனாலதான் இப்பிடி வந்துச்சுன்னு மாமா ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. உண்மையா? (எட்டாம் கிளாஸ் மாணவி, பேச்சிப்பாறை)

இல்ல பிள்ளே. அந்த மெசேஜ் உங்க மாமா கையில இப்ப வந்திருக்கு, ஆனா அது 1999லயே ஈமெயில்ல உலகம் பூரா சுத்தினது, '1500-கள்ல வாழ்க்கை'ன்னு தலைப்புப் போட்டு ஒரு டஜன் சொலவடைக்கு இப்பிடி யாரோ உக்காந்து கதை கட்டினது. கொஞ்சம் யோசிச்சுப் பாரு, அங்க கூரை வேயுறது வைக்கோல்லயும் நாணல்லயும், தண்ணி ஒரு சொட்டு நிக்காம ஓடணும்னு நல்ல சரிவா நெருக்கி வேயுவாங்க, அதுக்குள்ள நாய் போய் படுக்கணும்னா கூரையைப் பிச்சுத்தான் போகணும். ஓலை வீட்டுல வளர்ந்த உங்க ஆச்சிகிட்ட கேட்டாலே சொல்லிருவாங்க.

சரி, அச்சுல என்ன இருக்கு? 1651ல ஹென்றி வாகன்னு வேல்ஸ் நாட்டுக் கவிஞர் ஒருத்தர் எழுதுதாரு, ஊர் ஊரா சரக்கு விக்கிற வியாபாரிங்க, நாயும் பூனையும் மழையா கொட்டினாலும் தங்களோட சரக்கைக் காப்பாத்துற மாதிரி ஒரு கூரை கிடைக்காதான்னு ஏங்குதாங்களாம். கவனிச்சியா? நமக்குக் கிடைச்ச இந்தப் பழைய வரியிலயே நாயும் பூனையும் வானத்துல இருந்து கூரை மேல விழுது, கூரையில இருந்து விழல. அதோட கதை முடிஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 1653ல ரிச்சர்ட் ப்ரோம்னு ஒருத்தரோட நாடகத்துல நாயும், கீரி மாதிரி இருக்குத வேற ஒரு பிராணியும் மழையா பெய்யும்னு வருது, அப்ப பூனை இன்னும் நிரந்தரமா இடம் பிடிக்கல. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738ல எழுதினப்பதான் இப்ப நாம சொல்லுத மாதிரியே வருது. இதே ஸ்விஃப்ட் 1710ல லண்டன் மழையைப் பத்தி ஒரு கவிதை எழுதிருக்காரு, அதுல சாக்கடை வெள்ளத்துல செத்த பூனையும் முங்கிச் செத்த நாய்க்குட்டியும் மிதந்து வரும், ஆனா அதுக்கு அறுபது வருஷம் முந்தியே சொலவடை இருந்ததால அந்தக் கவிதையும் மூலம் இல்ல. வானம் எதையெதையோ அள்ளிக் கொட்டுதுன்னு மிகைப்படுத்திச் சொல்லுத பேச்சு, அம்புட்டுதான்.

பரீட்சைக்கு ஒண்ணு சொல்லுதேன், இப்ப இங்கிலாந்துக்காரங்க பேச்சுல இதை ரொம்ப எடுக்கிறதில்ல, பாடப்புத்தகத்துலதான் இது நல்லா வாழுது. அங்க வாளி வாளியா ஊத்துதுங்கற அர்த்தத்துல 'பக்கெட்டிங் டவுன்'னு சொல்லுவாங்க, ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் ரெண்டும் வாங்குத நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது இன்னும் பொருத்தமா இருக்கு.

கடையில நாள் பூரா 'ஓகே ஓகே'ன்னுதான் சொல்லுதோம். போர்ல யாரும் சாகலன்னா 'ஜீரோ கில்டு'ன்னு போர்டுல எழுதினதுதான் ஓகே ஆச்சுன்னு ரீல்ஸ்ல பாத்தேன். (மொபைல் கடை வச்சிருக்குத வாசகர், வடசேரி)

அந்தப் போர்னு சொல்லுதது அமெரிக்க உள்நாட்டுப் போர், அது தொடங்கினது 1861ல. ஆனா ஓகே அச்சுல வந்தது 1839 மார்ச் 23, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில. இருபத்திரண்டு வருஷம் முந்தி. பாருங்க, தேதி ஒண்ணு போதும்.

நடந்தது என்னன்னா அப்போ பாஸ்டன் பத்திரிகைக்காரங்க நடுவுல ஒரு விளையாட்டு ஓடுச்சு, ஒரு வாக்கியத்தை வேணும்னே தப்பு ஸ்பெல்லிங்ல எழுதி அதோட முதல் எழுத்துகளை மட்டும் போடுறது. 'ஆல் கரெக்ட்'டை 'ஓல் கொரெக்ட்'னு எழுதி ஓ.கே. 'ஆல் ரைட்'டை அதே மாதிரி கெடுத்து ஓ.டபிள்யூ.ன்னும் போட்டாங்க, 'நோ கோ'வுக்கு கே.ஜி.ன்னு ஒண்ணு. மத்ததெல்லாம் செத்துப் போச்சு, ஓகே மட்டும் பிழைச்சது ஒரு எலெக்‌ஷனாலதான். 1840ல ஜனாதிபதி மார்ட்டின் வான் ப்யூரன் மறுபடியும் நின்னாரு, அவரு சொந்த ஊரு நியூயார்க் மாநிலத்துல கிண்டர்ஹுக், 'ஓல்டு கிண்டர்ஹுக்'ங்கறது அவரோட பட்டப்பேரு, அதுக்கும் முதல் எழுத்து ஓ.கே.தானே, உடனே ஆதரவாளங்க 'ஓ.கே. கிளப்'னு ஆரம்பிச்சாங்க, எதிர்க்கட்சி அதையே வச்சு நக்கலடிச்சுது, ரெண்டு பக்கமும் கத்தி கத்தி நாடு பூரா பரவிருச்சு. வான் ப்யூரன் தோத்துட்டாரு, ஓகே ஜெயிச்சிருச்சு. இதைக் கண்டுபிடிச்சவரு கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆலன் வாக்கர் ரீட், பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படிச்சு 1960-கள்ல கட்டுரையா போட்டாரு. அவரை மாதிரி ஆட்களுக்கு நாம நன்றி சொல்லணும், ரீல்ஸ் போடுறது அரை நிமிஷம், பழைய பேப்பரைப் புரட்டுறது வருஷக்கணக்கு.

'நியூஸ்'னா நார்த் ஈஸ்ட் வெஸ்ட் சவுத், 'பாஷ்'னா கப்பல்ல போக வர நல்ல பக்கத்து ரூம். ரெண்டும் சரிதானே டீச்சர்? (வாசகர், பார்வதிபுரம்)

ரெண்டும் சரி இல்ல. நியூஸ்ங்கறது 'நியூ'வோட பன்மை, புதுசுகள், ஃபிரெஞ்சுல இருக்குத சொல்லைப் பாத்து செஞ்சது, பதினாலாம் நூற்றாண்டுலயே இருக்கு. ஆடம்பரம்னு அர்த்தம் வருத 'பாஷ்'க்குச் சொல்லுதது என்னன்னா இந்தியாவுக்கு வருதப்ப இடப்பக்கம், திரும்பிப் போறப்ப வலப்பக்கம், வெயில் அடிக்காத ரூம், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்'ங்கற நாலு வார்த்தையோட முதல் எழுத்தை டிக்கெட்டுல முத்திரை குத்துவாங்கன்னு. அப்பிடி முத்திரை குத்தின ஒரு டிக்கெட்டு இன்னைக்கு வரைக்கும் யார் கையிலயும் கிடைக்கல, கப்பல் கம்பெனி ரெக்கார்டுலயும் இல்ல. முதல் எழுத்துகளைச் சேத்து வார்த்தை உண்டாக்குற பழக்கம் பரவலா ஆனதே இருபதாம் நூற்றாண்டுலதான், அதனால பழைய வார்த்தைக்கு யாராச்சும் அப்பிடி விளக்கம் சொன்னா சந்தேகப்படுங்க. ஓகே விதிவிலக்கு, அதுக்குப் பேப்பர் இருக்கு.

எங்க ஊர்ல வந்து தோத்துப்போன டச்சுக்காரன் பேரு இங்கிலீஷ்ல எங்க வந்தாலும் கேவலமாத்தான் வருது. 'கோ டச்', 'டச் கரேஜ்', 'டபுள் டச்'. நம்ம மார்த்தாண்டவர்மா அடிச்ச அடிதான் காரணமோ? (காலேஜ் மாணவர், குளச்சல்)

தம்பி, கேள்வியே மனசுக்கு நிறைவா இருக்கு, ஆனா காரணம் குளச்சல் இல்ல. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா டச்சுக்காரனைத் தோக்கடிச்ச குளச்சல் போர் 1741. இங்கிலீஷ்காரனுக்கும் டச்சுக்காரனுக்கும் சண்டை அதுக்கு தொண்ணூறு வருஷம் முந்தியே தொடங்கிருச்சு. 1652ல இருந்து 1674க்குள்ள மூணு போர், எல்லாம் கடல்ல, பெரும்பாலும் வியாபாரத்துக்காக. ரெண்டு பேருக்கும் வேணும்னது ஒண்ணுதான், மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் யாரு ஏத்திட்டுப் போறதுங்கறது. நம்ம கரைக்கு டச்சுக்காரன் வந்ததும் அதே மிளகுக்குத்தான்.

எதிரியைக் கேவலப்படுத்த பேச்சு ஒரு ஆயுதம். 1665ல எட்மண்ட் வாலர்ங்கற கவிஞர் ஒரு கடல்போரைப் பாடுதப்ப, டச்சுக்காரங்க தங்களோட பிராந்தியைப் பறிகொடுத்துட்டாங்க, தைரியமே அதுல இருந்துதானே முளைக்குதுங்கற மாதிரி எழுதினாரு. 'டச் கரேஜ்', குடிச்சா வருத தைரியம், அந்த எண்ணத்தோட பிள்ளைதான், சொலவடையா அச்சுல நிக்கிறது பத்தொன்பதாம் நூற்றாண்டுல. ஜின்னுங்கற சாராயமே டச்சுக்காரங்க 'ஜெனிவர்'ல இருந்து இங்கிலாந்து வாங்கினதுதான், அதையும் சேத்துக்கோ. 'டபுள் டச்'னா ஒண்ணும் புரியாத பேச்சு. 'டச் அங்கிள்'னா முகத்துக்கு நேரா கண்டிச்சுப் பேசுதவரு, சொந்த மாமா மாதிரி செல்லம் குடுக்கமாட்டாரு.

'கோ டச்' வேற சங்கதி, அது அமெரிக்காவுல பிறந்தது. ஹோட்டல்ல அவனவன் பில்லை அவனவன் கட்டுறது, முதல்ல 'டச் ட்ரீட்'னு பத்தொன்பதாம் நூற்றாண்டுல வந்துச்சு. அங்க 'டச்'னு சொன்னா ஹாலந்துக்காரன் மட்டும் இல்ல, பென்சில்வேனியாவுல குடியேறின ஜெர்மன்காரங்களையும் 'டச்'னுதான் கூப்பிட்டாங்க, அவங்க தங்களை 'டாய்ச்'னு சொல்லிக்கிட்டது இங்கிலீஷ் காதுல அப்பிடி விழுந்துச்சு.

ஆனா தம்பி, இந்த வசவை மட்டும் எடுத்துக்கிட்டு போயிராதே. டச்சுக்காரன் இங்கிலீஷுக்குக் குடுத்தது எவ்வளவுன்னு பாரு. கப்பல் தளத்தைச் சொல்லுத 'டெக்', 'யாட்', கிரிக்கெட்ல கேப்டனை 'ஸ்கிப்பர்'னு சொல்லுதோமே அது, எல்லாம் டச்சு. 'குக்கி' டச்சு. டீக்கடையில நாம ஒருத்தரை ஒருத்தர் 'பாஸ், ரெண்டு டீ'ன்னு கூப்பிடுதோமே அந்த பாஸ் டச்சுல 'பாஸ்'தான், வேலை வாங்குத மேஸ்திரி, எஜமான்னு அர்த்தம். நியூயார்க் 1664 வரைக்கும் டச்சுக்காரன் கையில நியூ ஆம்ஸ்டர்டாமா இருந்துச்சு, அந்த வழியா அமெரிக்க இங்கிலீஷுக்குள்ள ஏறி, சுத்தி வந்து நம்ம நாகர்கோவில் டீக்கடையில நிக்குது.

குளச்சல்ல பிடிபட்ட டிலனாய் கதையும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். டச்சுக் கம்பெனி ஆளா வந்து தோத்து, மார்த்தாண்டவர்மா கிட்டயே சேந்து, திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி குடுத்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, 1777ல செத்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள அடங்கிக் கிடக்காரு, கல்லறைக் கல்லுல லத்தீனும் இருக்கு தமிழும் இருக்கு. முப்பத்தாறு வருஷம் நம்ம மண்ணுல கிடந்து உழைச்ச மனுஷனை எந்த 'டச் கரேஜ்' கணக்குல சேப்பே? வெற்றித்தூண் பக்கம் போறப்ப ஒரு நாள் கோட்டைக்கும் போயிட்டு வா.

என் மகன் பிளஸ் ஒன். போன்ல 'ரிஸ்', 'நோ கேப்', 'கோட்'னு என்னென்னவோ பேசுதான், ஆட்டுப் படத்தை வேற அனுப்புதான். கெட்ட வார்த்தையா இருக்குமோன்னு பயமா இருக்கு டீச்சர். (வாசகி, திங்கள்நகர்)

பயப்படாதீங்கம்மா, இதுல ஒண்ணுகூட கெட்ட வார்த்தை இல்ல. 'ரிஸ்'ங்கறது 'கரிஸ்மா'வோட நடுத்துண்டு, பேசி ஆளை மயக்குத சாமர்த்தியம். ஆக்ஸ்ஃபோர்டு 2023க்கான வருஷத்து வார்த்தையா இதைத்தான் எடுத்தாங்க. நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது புதுசும் இல்ல, 'இன்ஃப்ளுயன்சா'வுல இருந்து 'ஃப்ளூ' வந்தது, 'ரெஃப்ரிஜிரேட்டர்'ல இருந்து 'ஃப்ரிட்ஜ்' வந்தது, எல்லாம் அதே கத்திரிக்கோல்தான். 'கேப்'னா பொய், பீத்தல், 'நோ கேப்'னா சத்தியமாச் சொல்லுதேன். 'கோட்'னா எல்லாக் காலத்துக்கும் பெரியவன்னு சொல்லுத 'கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்'ங்கற நாலு வார்த்தையோட முதல் எழுத்து, அது ஆடுன்னும் படிக்க வருததால ஆட்டுப் படம். தன்னை 'தி கிரேட்டஸ்ட்'னு சொல்லிக்கிட்ட முகமது அலியோட மனைவி 1992லயே அந்த நாலு எழுத்துல ஒரு கம்பெனி பதிவு பண்ணிருக்காங்க.

ஒண்ணு உங்க மகன்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. இன்னைக்கு பிள்ளைகள் இன்டர்நெட் பாஷைன்னு நினைக்கிற வார்த்தை நிறைய அமெரிக்கக் கறுப்பின மக்களோட பேச்சுல இருந்து வந்தது. 'கூல்'கூட அப்பிடித்தான், ஜாஸ் வாசிச்ச கறுப்பினக் கலைஞர்கள் வாயில வளர்ந்து உலகத்துக்கு வந்த அர்த்தம் அது. யாரு உண்டாக்கினாங்களோ அவங்க பேரைச் சொல்லாம எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

'பிரெயின் ராட்'னு அவன் சொன்னா மட்டும் கொஞ்சம் உக்கார வச்சுப் பேசுங்க. 2024ல ஆக்ஸ்ஃபோர்டு எடுத்த வார்த்தை, போன்ல கண்டதைப் பாத்துப் பாத்து மூளை அழுகுறது. அதை 1854லயே ஹென்றி டேவிட் தோரோ எழுதிட்டாரு, உருளைக்கிழங்கு அழுகலுக்கு மருந்து தேடுதீங்களே, மூளை அழுகலுக்கு யாரும் தேடமாட்டீங்களான்னு கேட்டாரு.

'ரூல் ஆஃப் தம்ப்'னா, கட்டைவிரல் தடிமனுக்கு மேல போகாத கம்பால பொண்டாட்டியை அடிக்கலாம்னு இங்கிலாந்துல இருந்த சட்டமாமே? அப்ப அதை நாம சொல்லலாமா? (வக்கீல் ஜூனியர் வாசகி, குழித்துறை)

தாராளமாச் சொல்லலாம் மக்களே. அப்பிடி ஒரு சட்டம் இங்கிலாந்துல இருந்ததே இல்ல. சொலவடை பதினேழாம் நூற்றாண்டுல இருந்து இருக்கு, 1692ல கத்திச்சண்டை சொல்லிக்குடுக்கிற ஒரு புத்தகத்துல, சாஸ்திரம் படிக்காம கைப்பழக்கத்துல செய்யுறதுங்கற அர்த்தத்துல வருது. அளவுகோல் இல்லாதப்ப கட்டைவிரலை வச்சு அளந்தாங்க, அதுல இருந்து வந்த பேச்சு. நமக்கு விரற்கடை, சாண், முழம் இருக்கே, தோவாளையில இன்னைக்கும் பூ முழத்துக்குத்தானே விக்குது.

அப்ப அந்தக் கதை எங்கிருந்து ஒட்டுச்சு? ஃபிரான்சிஸ் புல்லர்னு ஒரு ஜட்ஜ் அப்பிடிச் சொன்னதா பேச்சு கிளம்பி, 1782ல கில்ரேங்கற ஓவியர் அவரைக் 'கட்டைவிரல் ஜட்ஜ்'னு கேலிப்படம் போட்டாரு, புல்லர் அப்பிடித் தீர்ப்பு சொன்னதுக்கு ரெக்கார்டு கிடையாது. அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல 1868ல ஒரு கேஸ்ல கீழ்க்கோர்ட் கட்டைவிரல் கணக்கைச் சொல்லி புருஷனை விட்டிருக்கு, மேல்கோர்ட் அந்தக் கணக்கை ஏத்துக்காம வேற காரணம் சொல்லி அவனை விட்டுச்சு. நீங்க சட்டம் படிச்சவங்க, இதுல எது முக்கியம்னு உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கு சட்டமா இல்ல, ஆனா பொண்டாட்டியை அடிச்சவன் கோர்ட்ல இருந்து வெளிய நடந்து வந்தது நிஜம். சொலவடையையும் அடியையும் சேத்து முடிச்சுப் போட்டது 1970-கள்லதான்.

ரப்பர் மரத்துக்கு ரப்பர்னு பேரு எப்பிடி வந்துச்சு? பால்ல இருந்து வந்த பேரா? (பால்வெட்டு தொழிலாளி, குலசேகரம்)

பால் இல்லங்க, பென்சில். 1770ல ஜோசப் ப்ரீஸ்ட்லிங்கற இங்கிலாந்து விஞ்ஞானி, இந்தப் பொருள் பென்சில் கோட்டை அழிக்க ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதி வச்சாரு, அதுக்கு முந்தி ரொட்டித் துண்டை வச்சுத்தான் அழிப்பாங்க. 'ரப்'னா தேய்க்கிறது, தேய்க்கிறது எதுவோ அது ரப்பர். அப்புறம்தான் டயரு, செருப்பு, கையுறை எல்லாம். அமேசான் காட்டு மரம், 1876ல ஹென்றி விக்ஹாம் பிரேசில்ல இருந்து எழுபதாயிரம் விதையை லண்டனுக்குக் கொண்டுபோனாரு, அதுல முளைச்ச கன்றுதான் ஆசியாவுக்கு வந்துச்சு. ஆக விடியக்காலை நீங்க வெட்டுத மரத்துக்கு, ஸ்கூல் பிள்ளை பையில கிடக்குத அழிப்பான்தான் பேரு வச்சிருக்கு. இதுல ஒரு ஸ்லாங் வார்த்தையும் உண்டு, 'ரப்பர்நெக்', கழுத்தை ரப்பர் மாதிரி நீட்டி நீட்டி வேடிக்கை பாக்கிறவரு, 1890-கள்ல அமெரிக்காவுல வந்தது.

நம்ம தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன ஸ்லாங் ஏதாவது இருக்கா? (இங்கிலீஷ் இலக்கியம் படிக்குத மாணவர், ஆரல்வாய்மொழி)

இருக்கு. 'முல்லிகடானி' சூப் தெரியும்ல, நம்ம மிளகுத்தண்ணி, அதுல கறியைப் போட்டுக் கொதிக்க வச்சு சூப்பாக்கிட்டாங்க. வெள்ளைக்கார ஆட்சியில மெட்ராஸ் மாகாணத்துல வேலை பாத்த ஆபீசர்களுக்கு மத்த மாகாணத்து ஆபீசர்கள் வச்ச பட்டப்பேரு 'மல்ஸ்', முல்லிகடானியோட சுருக்கம். பம்பாய்க்காரங்களுக்கு 'டக்ஸ்', அங்க திங்குத பாம்பே டக் கருவாட்டை வச்சு. வங்காளத்துக்காரங்களுக்கு 'குய் ஹை', வேலைக்காரங்களை 'யாராச்சும் இருக்கீங்களா'ன்னு ஹிந்துஸ்தானியில கத்திக் கூப்பிடுறதை வச்சு. இதெல்லாம் யூலும் பர்னெலும் 1886ல போட்ட அகராதியில இருக்கு.

சுருட்டு 'செரூட்' ஆச்சு. நம்ம கயிறு மலையாளத்துக் கயர் வழியா 'காயர்' ஆச்சு, கொப்பரை 'கோப்ரா' ஆச்சு. மத்த ஜில்லாக்காரங்க பலாப்பழம்னு சொல்லுததை நாம சக்கைன்னு சொல்லுதோமே, அந்தச் சக்கையைத்தான் போர்ச்சுகீஸ்காரங்க 'ஜாக்கா'ன்னு எழுதி, இங்கிலீஷ்காரங்க 'ஜாக்'னு ஆக்கினாங்க.

ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும் நிதானமாச் சொல்லணும். 'பரையா'ன்னு இங்கிலீஷ் பேப்பர்ல வரும், ஒதுக்கப்பட்ட நாடு, ஒதுக்கப்பட்ட ஆளுங்கற அர்த்தத்துல. அது பறை அடிக்கிற நம்ம சனங்களோட பேரு. பதினேழாம் நூற்றாண்டுலயே வெள்ளைக்காரங்க எழுத்துல ஏறி, இங்க இருந்த சாதிக் கொடுமையையும் சேத்துக்கிட்டுப் போய், தெரு நாய்க்குக்கூட அந்தப் பேரை வச்சாங்க. லண்டன்ல எழுதுதவனுக்கு அது வெறும் சொல்லா இருக்கலாம், நம்ம கிளாஸ்ல பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்குத பிள்ளைக்கு அது தாத்தாவோட பேரு. கட்டுரையில அதைப் போடாதீங்க, அதுக்குப் பதிலா 'அவுட்காஸ்ட்'னு போட்டாலும் அதே குத்தல்தான், வேற மாதிரி வாக்கியத்தையே மாத்தி எழுதுங்க.

'ரெட் ஹெரிங்' போட்டித் தேர்வுல வந்துச்சு. சிவப்பு மீனுக்கும் திசை திருப்புறதுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், இரணியல்)

அது கருவாடுங்க. ஹெரிங் மீனை உப்புப் போட்டு நல்லா புகை போட்டா சிவந்து வரும், நாத்தமும் தூக்கும். 1807ல வில்லியம் காபெட்டுங்கற பத்திரிகைக்காரர், சின்ன வயசுல அந்தக் கருவாட்டைத் தரையில இழுத்து வேட்டை நாய்களை முயல் வாசனையில இருந்து திருப்பி விட்டேன்னு ஒரு கதை எழுதினாரு. நெப்போலியன் தோத்துட்டான்னு வந்த பொய்ச் செய்தி பின்னால மத்த பத்திரிகைகள் ஓடினதைக் கண்டிக்க அந்தக் கதையை எடுத்துக்கிட்டாரு, அதுல இருந்து பரவுச்சு.

நான் ஃபைபர் வள்ளத்துல தொழிலுக்குப் போறவன். கப்பல்ல இருந்து இங்கிலீஷ் சொலவடை நிறைய வந்திருக்காமே, நாலஞ்சு சொல்லுங்க டீச்சர். (வாசகர், முட்டம்)

நாலஞ்சுல அடங்காது தம்பி, இங்கிலீஷ்ல பாதிப் பேச்சு உப்புத்தண்ணியில ஊறினது. உங்களுக்கு எஞ்சின் தெரியும், உங்க தாத்தாவுக்குப் பாய் தெரியும், அவரு இருந்தா நான் சொல்லுதது உடனே புரியும்.

'டேக்கன் அபேக்'னா திகைச்சுப் போறது. காத்து திடீர்னு திரும்பி முன்னால இருந்து அடிச்சா பாய் பின்னால போய் மரத்தோட ஒட்டிக்கிடும், கப்பல் அப்பிடியே நின்னுரும், சில நேரம் பின்னாலயே போகும். அந்த நிலைதான் 'அபேக்'. மனுஷனும் ஒரு செய்தி கேட்டு அப்பிடி நிப்பான். 'பை அண்ட் லார்ஜ்'னா மொத்தத்துல, பொதுவா. காத்தை எதிர்த்து ஒட்டிப் போறது 'பை', காத்து பின்னால வாங்கி ஓடுறது 'லார்ஜ்', ரெண்டுலயும் நல்லா ஓடுத கப்பல் எல்லாத்துக்கும் ஆகும். கச்சான்ங்கற மேல்காத்துலயும் கொண்டல்ங்கற கீழ்காத்துலயும் ஒரே மாதிரி ஓட்டுதவனை நாம சும்மா விடுவோமா, அந்த மாதிரி.

'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்'னா நிறைபோதை. இங்க 'ஷீட்'னா துணி இல்ல, பாயோட கீழ் மூலையை இழுத்துக் கட்டுத கயிறு. அது அவுந்து காத்துல ஆடுனா பாய் படபடன்னு அடிச்சு கப்பல் தள்ளாடும். 'பிட்டர் எண்ட்' வரைக்கும்னா கடைசி வரைக்கும். கேப்டன் ஜான் ஸ்மித் 1627ல கப்பல் தொழில் பத்தி எழுதின புத்தகத்துல இருக்கு, நங்கூரக் கயித்தைச் சுத்துத கட்டைக்கு 'பிட்ஸ்'னு பேரு, கப்பலுக்குள்ள இருக்குத அந்தக் கயித்தோட முனை 'பிட்டர்ஸ் எண்ட்'. முனை வந்துட்டா விடுறதுக்கு அதுக்கு மேல கயிறு கிடையாது. 'இன் தி ஆஃபிங்'னா சீக்கிரம் வரப்போகுது, 'ஆஃபிங்'ங்கறது கரையில நின்னா கண்ணுக்குத் தெரியுத வெளிக்கடல், முட்டம் லைட் ஹவுஸ் பக்கம் நின்னு பாத்தா தூரத்துல தெரியுத வள்ளம் இன்னும் கரை அணையல, ஆனா வந்துட்டு இருக்குல்ல, அதான். 'அலூஃப்'ங்கறதும் கப்பல் வார்த்தை, காத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி கரையை விட்டு விலகி ஓட்டுறது, இப்ப ஒதுங்கி நிக்கிற மனுஷனுக்கு. புது ஆள் தொழில் படிக்கிறதை 'லேர்ன் த ரோப்ஸ்'னு சொல்லுவாங்க, அந்தக் கப்பல்கள்ல அத்தனை கயிறு, எது எதுக்குன்னு தெரியாதவன் ராத்திரியில ஒரு வேலையும் செய்ய முடியாது.

போன் எடுத்தா ஹலோன்னு சொல்லுதோமே, கிரகாம் பெல் ஆசைப்பட்டது கப்பல்காரன் கூப்பிடுத 'அஹோய்'யை. எடிசன் 1877ல 'ஹலோ' போதும்னாரு, அது நின்னுருச்சு.

நம்மள்ட்ட இருந்து போனது கட்டுமரம். வில்லியம் டேம்பியர்ங்கற மாலுமி 1697ல வந்த புத்தகத்துல அதை எழுதிருக்காரு, இப்ப 'கேட்டமரான்'னா ரெண்டு அடிப்பாகம் உள்ள பெரிய படகு, நம்ம மரத்துக்கும் அதுக்கும் பேரு மட்டும்தான் ஒட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷ் ஸ்லாங்குல சண்டைக்காரப் பொம்பளைக்கும் அந்தப் பேரை வச்சாங்க, அதை நான் ரசிக்கல, கட்டுமரம் ஏறுனவங்க வீட்டுப் பொம்பளைங்க மீன் சுமந்து குடும்பம் காத்த கதை நமக்குத் தெரியும்.

தம்பிட்ட ஒரு வேலை சொல்லுதேன். இங்கிலீஷ்காரன் பாய்க்கப்பலை விட்டுட்டான், ஆனா ஒவ்வொரு கயித்தோட பேரும் அவன் வீட்டுப் பேச்சுல கிடக்கு. நம்ம கடற்கரையில பாய் ஓட்டின பெரியவங்க இன்னும் கொஞ்சப் பேர் இருக்காங்க. தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், மணக்குடி, எங்க இருந்தாலும் சரி, அவங்க பக்கத்துல உக்காந்து பாய், கயிறு, காத்து, நீவாடுங்கற கடல் நீரோட்டம் எல்லாத்துக்கும் என்ன சொல்லுவாங்கன்னு கேட்டு, அவங்க சொன்ன மாதிரியே, திருத்தாம எழுதி அனுப்புங்க. எந்த ஊர், சொன்னவருக்கு எத்தனை வயசுன்னு பக்கத்துல குறிச்சிருங்க. அடுத்த இதழ்ல இந்தப் பக்கம் முழுக்க அதுக்குத்தான்.